அடியில் இருக்கும் விரல்

ஜூன் 4

கடை மூடும்முன் பெருக்கினேன். கறுப்பு, நரை, சாயம் போட்டது எல்லாம் ஒரே முறத்தில். இத்தனை வருஷமாக முடி வெட்டுகிறேன், நான் செய்த எந்த வேலையும் ஒரு மாதத்துக்கு மேல் நின்றதில்லை. வளர்ந்துவிடுகிறது. மகள் பாப்பா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததிலிருந்து இது ஒரு குறையாக அரிக்கிறது. நான் போன பிறகும் நிற்கிற மாதிரி ஏதாவது என் கையால் செய்துவிட வேண்டும். பேரப்பிள்ளைக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது என்று முடிவு. மனைவியிடம் சொன்னேன். மேலும் கீழும் பார்த்தாள். “மொதல்ல உங்க சட்டைப் பட்டனைத் தைங்க.”

ஜூன் 9

பக்கத்துக் கடை தையல்காரம்மாவிடம் வெட்டுத்துணி கேட்டேன். மனைவிக்கு என்று புளுகினேன். என் முழியிலேயே கண்டுபிடித்துவிட்டார். துண்டுகளை ஒட்டி மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்து வரிசை வரிசையாகக் கையால் தையல் ஓட்ட வேண்டுமாம்.

“இடது கை விரல் அடியில இருக்கணும் அண்ணே. ஊசி மொன வந்து தொட்டதும் மேல திருப்பிடணும். தொடாம திருப்பினீங்கன்னா அடித்துணி பிடிக்காது.”

ஜூன் 21

மேல்துணி முடிந்தது. பாப்பாவின் பள்ளிச் சீருடை, மனைவியின் நைட்டி, கடையில் எல்லார் கழுத்திலும் கட்டிய போர்த்துத்துணி, எல்லாம் இருக்கிறது. நேர்கோடுதான் இல்லை. “வகிடு எடுக்கிற கை இப்படியா கோணும்?” என்றாள் வீட்டுக்காரி. பாப்பா போனில், பிள்ளை காலேஜ் போவதற்குள் முடியுமா என்று கேட்டாள். சொல்லி வைத்துப் பேசுகிறார்கள்.

ஜூலை 2

முதல் வரிசை ஓட்டினேன். ஊசி விரலைத் தொடவே இல்லை. தையல்காரம்மா பெரிதாகப் பயமுறுத்திவிட்டார் என்று சிரித்துக்கொண்டே திருப்பிப் பார்த்தேன். அடித்துணியில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். சாயம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

சாயம் இல்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சல்லடை. எனக்கு வலிக்கவே இல்லை.

ஏன் வலிக்கவில்லை?

ஜூலை 3

கழிவறையில் தாழ் போட்டுக்கொண்டு ஊசியால் ஒவ்வொரு விரலாகச் சோதித்தேன். சுண்டுவிரல் அலறுகிறது. நடுவிரல், ஆள்காட்டி, கட்டைவிரல் மூன்றும் யாருக்கோ வந்தது போல இருக்கின்றன. கொஞ்ச நாளாக மரத்துப்போகும்தான் — கையை மடித்துப் படுத்ததால் என்று விட்டுவிட்டேன்.

சவரத்துக்குத் தோலை இழுத்துப் பிடிப்பது இந்தக் கைதான். கண் எங்கே பார்க்கிறது? தாடைக்கு அடியில் மேடு எது, பள்ளம் எது என்று விரல் சொல்லும், கத்தி கேட்கும். இனி யார் சொல்வது?

ஜூலை 5

சவரம் கேட்டு வந்தவர்களிடம் பிளேடு தீர்ந்துவிட்டது என்றேன். கண்ணாடிக்குப் பின்னால் பெட்டி நிறைய இருக்கிறது.

ஜூலை 8

தபால்காரர் வந்தார். பிளேடு பெட்டியை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, தலையை அண்ணாந்து, மகளுக்கு வரன் பார்க்கும் கதையைச் சொன்னார். காதுக்குக் கீழே இறங்கும்போது “ஸ்” என்றார். ரத்தம் வழிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என் விரல் அங்கேயே இருந்தது, வெட்டுக்குப் பக்கத்திலேயே.

“விடுப்பா. பேச்சு வாக்குல நான்தான் தலைய ஆட்டிட்டேன்.”

அவர் ஆட்டவில்லை. சிலை மாதிரி இருந்தார். பழியையும் அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்சம் கீழ போயிருந்தா? ஒரு விரற்கடை கீழ போயிருந்தா என்ன ஆயிருக்கும்? தெரிஞ்சே எதுக்குடா கத்திய எடுத்தே? வாயில என்ன கொழுக்கட்டையா?

ஜூலை 9

கடை திறக்கவில்லை. வீட்டில் வயிற்றுவலி என்றேன்.

ஜூலை 11

வயிற்றைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. போர்வையின் அடிப்பக்கத்தை என் முன்னால் விரித்தாள்.

“விரலக் காட்டுங்க.”

காட்டினேன்.

“இத்தன குத்து. வலிக்கலையா?”

வீரனுக்கு வலிக்காது என்றேன். அவள் சிரிக்கவில்லை. நான் சொன்ன ஜோக்குக்கு அவள் சிரிக்காமல் இருப்பது புதிதல்ல. ஆனால் இப்படிப் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், தபால்காரர் உட்பட.

ஜூலை 15

டாக்டர் மணிக்கட்டில் தட்டினார், மின்சாரம் வைத்துப் பார்த்தார். நரம்பு நசுங்கியிருக்கிறதாம். கையை வளைத்தே வேலை செய்ததால் இருக்கலாம் என்கிறார். வலது கையும் அந்த வழியில் கிளம்பிவிட்டதாம். இடது கையில் அறுத்துப் பிரித்துவிட்டால் மேலே கெடாது.

“போன உணர்ச்சி திரும்ப வந்துருமா சார்?”

“பாக்கலாம்.”

வழுக்கை விழுந்தவர்கள் முடி திரும்ப வளருமா என்று கேட்டால் நான் சொல்கிற அதே “பாக்கலாம்.” அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

ஜூலை 20

போர்வையை மூட்டை கட்டி அலமாரிக்கு மேல் போட்டேன். மத்தியானம் அவள் இறக்கி, பிரித்து, எனக்கு எதிரே உட்கார்ந்து, தன் கையை அடியில் நுழைத்துக்கொண்டாள்.

“நீங்க குத்துங்க. பட்டா ‘ம்’னு சொல்றேன்.”

உன் விரலும் சல்லடையாகிவிடும் என்றேன்.

“பட்டாத்தானே திருப்ப முடியும்? குத்துங்க.”

எந்தக் கழுத்திலும் இவ்வளவு மெதுவாகக் கத்தி வைத்ததில்லை. ஊசியை மயிரிழை மயிரிழையாக இறக்கினேன்.

“ம்.”

திருப்பினேன்.

ஜூலை 26

நாளை ஆபரேஷன். வேடிக்கையாக ஏதாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 30

கட்டுப் பிரித்துச் சில வாரம் ஆகிறது. அறுத்த வலி போய்விட்டது, மரத்தது மரத்தபடிதான். சீப்புக்கும் கத்தரிக்கும் கை ஈடுகொடுக்கிறது. வாசலில் ‘முடிவெட்டு மட்டும்’ என்று எழுதி ஒட்டினேன். தபால்காரரிடம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் காதைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, அப்படியானால் தாடி விட்டுவிடுகிறேன் என்றார்.

செப்டம்பர் 18

ஞாயிறு மத்தியானம். கடைசி வரிசை. பாதி வந்திருப்போம். ஊசியை இறக்கினேன், “ம்” வரவில்லை. இன்னும் கொஞ்சம் இறக்கப்போய் திடுக்கென்று நிமிர்ந்தேன். உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தாள். கை மட்டும் போர்வைக்கு அடியில் அப்படியே இருந்தது.

ஊசியை அங்கேயே பிடித்துக்கொண்டு, அவள் விழிக்கும்வரை அசையாமல் இருந்தேன்.