கிளைவ் போட்ட கோல்

அன்புள்ள அம்மாவுக்கு, ஃபெர்கல் பணிவுடன் எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். ஆடி ஓய்ந்த என் கால்கள்தான் குளிரில் முரண்டு பிடிக்கின்றன.

சனிக்கிழமை என் பழைய கால்பந்து கிளப்பில் ஒரு கூத்து. ஆட்ட இடைவேளையில் முன்னாள் ஆட்டக்காரர்களை மைதானத்துக்குள் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கியில், "கோப்பை ஆட்டத்துல கடைசி நிமிஷத்துல கோல் போட்டாரே, அந்த ஃபெர்கல் இவருதான்!" என்று அறிவித்தார்கள். உண்மையில் போட்டவன் என்னோடு ஆடிய கிளைவ். நான் அந்த ஆட்டம் முழுவதும் மாற்று ஆட்டக்காரனாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் நாலாயிரம் பேர் எழுந்து கைதட்டியதும் நான் கையசைத்துவிட்டேன்.

கிளைவ் இப்போது அங்கே வாசல் காவலாளி. மஞ்சள் மேலங்கியோடு ஓரமாக நின்று அவனும் கைதட்டினான். வெளியே வரும்போது, "என்னடா, நம்ம கோல் எப்படி?" என்று சிரித்தான். "பிரமாதம்டா" என்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

கம்பளிக் காலுறையும் நீ சுடும் சோடா ரொட்டியும் அனுப்பு. நான் ஒருவனுக்காக அடுப்பு மூட்டத் தோன்றுவதில்லை. கோல் போட்டவனின் முதுகு மட்டும் தெரியும் அந்தப் படத்தையும் உன் வீட்டுச் சுவரிலிருந்து எடுத்து அனுப்பு, கிளைவுக்குக் கொடுக்க வேண்டும். வேலைக்குப் பால் வண்டி எடுக்க நேரமாகிவிட்டது. படத்தின் கீழே நீ எழுதிய என் பெயரை அடித்துவிடு, அம்மா. அந்தக் கோப்பை ஆட்டத்தன்று ஃபோனில் உன்னிடமும் பொய்தான் சொன்னேன்.

உன் மகன்,
ஃபெர்கல்