அம்புட்டு வீட்லயும் கொஞ்சம்

திண்டுக்கல்,
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் அன்புமணிக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அப்பாவும் வடமதுரையில் உன் தங்கை தீபா வீட்டாரும் சுகமாக இருக்கிறோம், அதேபோல் டப்ளின் குளிரில் நீயும் மருமகளும் பாப்பாவும் சளி இருமல் இல்லாமல் இருக்க மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன். போனில் தினமும் முகத்தைப் பார்க்கிற காலத்தில் இந்த அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். சிரி. போனில் நான் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் நீ பாதியிலேயே புரிந்துவிட்டது என்று குறுக்கே வந்துவிடுகிறாய், அப்புறம் நான் என்ன சொல்ல வந்தேன் என்பது எனக்கே மறந்துபோகிறது. காகிதத்தில் குறுக்கே பேச முடியாது அல்லவா. பக்கத்து வீட்டு ஆனந்தமேரி மகள் டெய்சிக்கு உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்துப் புதன்கிழமை கிளம்புகிறாள், அவளிடம் பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, பாப்பாவுக்குப் பாவாடை சட்டை, கூடவே இந்தக் கடிதம் எல்லாம் கொடுத்துவிடுகிறேன். டெய்சிக்கு ஊர் புதிது, ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டு வயிறாரச் சோறு போடு.

அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. குறையாமல் என்ன செய்யும், ஆளே மாறிவிட்டாரே. ஒட்டன்சத்திரம் காய்கறிக் கமிஷன் கடையில் வேலையை விட்டு வந்ததிலிருந்து டிவியும் நாற்காலியுமாக இருந்த மனிதர், நான் செங்காந்தள் ஹோம்ஸ் கம்பெனி ஷேர் வாங்கிய நாளிலிருந்து தானே அந்தக் கம்பெனியைக் கட்டி எழுப்பியதுபோல் திரிகிறார். தீபா வீட்டுக்குப் போகிற வழியில் திருச்சி ரோட்டில் அவர்கள் கட்டுகிற அடுக்குமாடி இருக்கிறதே, அங்கே பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போய், போட்ட கான்கிரீட்டுக்குச் சரியாகத் தண்ணீர் விடவில்லை என்று கொத்தனாரிடம் சண்டை போட்டிருக்கிறார். வாட்ச்மேன் ஓடிவந்து இதில் உங்க வீடு எதுங்க என்று கேட்டதற்கு, அம்புட்டு வீட்லயும் கொஞ்சங் கொஞ்சம் நம்மளுதுதான்யா என்றாராம். அதோடு விட்டாரா, ஹோஸ் பைப்பை வாங்கிச் செத்த நேரம் தானே தண்ணீர் விட்டுவிட்டு, நனைந்த வேட்டியோடு மகள் வீட்டில் போய் நின்றிருக்கிறார். தீபா போன் பண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். உன் ஷேரை வித்துட்டா நான் எந்த மொகத்தோட அந்த வாட்ச்மேனைப் பாக்குறது என்று இப்போது என்னைக் கேட்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ போன் பண்ணி, கம்பெனியின் காலாண்டுக் கணக்கு மோசம், விலை இறங்கிவிட்டது, நாளைக்கே வித்துரு என்று சொன்னாயே, அதற்குத்தான் இந்தப் பதில். நான் ஏதோ வாட்ஸப்பில் வந்ததைப் பார்த்துப் பணத்தைக் கொட்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாய். அப்பு, ஒரு ஜாக்கெட் பிட் எடுக்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவள் உன் அம்மா. கம்பெனி அச்சடித்த புத்தகத்தை ஆனந்தமேரி கொண்டுவந்து காட்டினாள், பக்கத்துக்குப் பக்கம் நீச்சல்குளமும் சிரிக்கிற குழந்தையும்தான். உன் அப்பா அதை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, மேல இருக்குற தக்காளி எப்பவும் நல்லாத்தான் இருக்கும், பெட்டியைக் கவுத்துப் பாரு என்றார். முப்பது வருஷ மார்க்கெட்டில் மனிதர் கற்றது அந்த ஒரு வித்தை, வீட்டில் அதைச் சொல்லாத நாளில்லை, ஆனால் இந்தத் தடவை எனக்கு அது சரியென்று பட்டது. அதனால் புதுக் கட்டடத்தை விட்டுவிட்டு, எட்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் அவர்கள் கட்டி முடித்த குடியிருப்பைப் பார்க்க நானும் ஆனந்தமேரியும் பஸ் ஏறினோம். வீடு வாங்க வந்தவர்கள் மாதிரி உள்ளே நுழைந்தோம், ஆனந்தமேரி பெட்டியில் கிடந்த நகையை எல்லாம் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

எனக்குத் தெரிந்தது தையல்தான். இத்தனை வருஷம் ஜாக்கெட்டோடு ஜன்னல் திரையும் தைத்துத் தைத்து, எந்தத் தெருவில் போனாலும் கண் முதலில் ஜன்னலுக்குத்தான் போகும். யாரோ வாங்கிப் பூட்டிப்போட்ட வீட்டில் திரை இருக்காது. மதுரையில் ஏறக்குறைய எல்லா ஜன்னலிலும் திரை இருந்தது, அதுவும் வெயிலில் வெளுத்து, ஓரம் பிரிந்து, மறுபடி தைத்த திரை. எனக்கு அந்த வெளுப்பைப் பார்க்கத்தான் சந்தோஷமாக இருந்தது, குடும்பங்கள் வந்து நிலைத்திருக்கின்றன என்று அர்த்தம். துணி காயப்போட வந்த பெண்களிடம் தண்ணீர் வருமா, லிப்ட் ஓடுமா, மழைக்கு ஒழுகுமா என்று எல்லாம் கேட்டோம். ஒரு பிள்ளை, ஒழுகாமலா, ரெண்டு வருசத்துக்கு முன்னாடி எங்க பெட்ரூம்ல ஒழுகுச்சு, ஆனா கம்பெனில சொன்னதும் ஆள் வந்து சரி பண்ணிட்டுப் போனாங்க என்றது. பணம் வாங்கி ஆறு வருஷம் ஆனபிறகும் கூப்பிட்டால் வருகிறவன் எவன் இருக்கிறான் என்று எனக்கு அவர்கள் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அப்புறம் சாலை ரோட்டில் ஷேர் ஆபீஸ் வைத்திருக்கும் அந்தோணிராஜிடம் போய், நீ முன்பு எனக்குச் சொல்லிக்கொடுத்த கேள்விகளை எல்லாம் கேட்டேன். கம்பெனிக்குக் கடன் எவ்வளவு, கட்டி விற்காமல் கிடப்பது எவ்வளவு, முன்பணம் வாங்கியதில் சாவி கொடுத்தது எவ்வளவு. கடன் குறைச்சல், சொன்ன தேதிக்கு அதிகம் பிந்தாமல் சாவி கொடுக்கிறார்கள், ஆனால் வெல அதிகம்க்கா, மாப்பிள்ளை நல்லவருதான், சீர் ஜாஸ்தியாக் கேக்குறாரு என்றான். காத்திருந்தேன். ஆடி பிறந்ததும் விலை கொஞ்சம் சரிந்தது. ஜவுளிக் கடையில் ஆடித் தள்ளுபடி மாதிரி இங்கேயும் தள்ளுபடி என்று நான் கிளம்பிப் போனேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, ராகு காலம் முடியட்டும் என்று ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், அந்த நேரத்தில் விலை நாலு ரூபாய் ஏறிவிட்டது, ஏறின விலைக்கே வாங்கினேன். ராகுவும் ஷேர் வாங்குகிறார் போலிருக்கிறது.

தப்பு நான் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். வாங்குவதற்கு முன்னால் வடமதுரைப் பக்கம் அந்தத் திருச்சி ரோட்டுப் புதுக் கட்டடத்தையும் போய்ப் பார்த்தேன். சாவி கொடுத்துவிட்ட முதல் வரிசையிலேயே பாதி ஜன்னல் மொட்டையாக இருந்தது. கண் பார்த்தது, மனசுதான் சமாதானம் சொல்லிக்கொண்டது. ஆடியில் யார் பால் காய்ச்சிக் குடி போவார்கள், ஆவணியில் வருவார்கள் என்று நினைத்தேன். இப்போது கணக்கு மோசமாக வந்ததும் அந்தோணிராஜிடம் அதையே சொன்னேன். ஆடியும் புரட்டாசியும் இருக்கிற காலாண்டு, இப்படித்தானே இருக்கும் என்றேன். அவன் சிரித்துவிட்டு, யக்கா, ஆடி போன வருசமும் வந்துச்சு, அதுக்கு முந்தின வருசமும் வந்துச்சு, அதை விடவும் இப்பக் கொறைஞ்சிருக்கே என்றான். வடமதுரையில் தேவைக்கு மேல் கட்டிவிட்டார்கள், அதுதான் உண்மை. போன வாரம் மறுபடி போய்ப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் ஜன்னலில் திரை ஏறியிருக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை. அதில் ஒரு வீட்டுத் திரை நான் தைத்துக் கொடுத்தது. ஷேரில் லாபம் வருகிறதோ இல்லையோ, தையல் கூலி வந்துவிட்டது.

இனிமேல் ஏறுமா என்று அந்தோணிராஜிடம் கேட்டேன். கடன் கொறைச்சல், அதனால தாங்கும், ரெண்டு மூணு வருசம் பொறுக்கணும், ஏறலாம், ஏறாமயும் போகலாம் என்றான். சத்தியம் பண்ணாததால்தான் எனக்கு அவன் பேச்சில் நம்பிக்கை. நான் பொறுக்கப் போகிறேன், விற்கப் போவதில்லை. ஆறு வருஷத்துக்குப் பிறகும் கூரை ஒழுகினால் வந்து நிற்கிற கம்பெனி ஒரு காலாண்டில் கெட்டுப்போகாது என்பது என் எண்ணம். எண்ணம் தப்பானால் நஷ்டம். அந்த நஷ்டமும் என்னுடையதுதான், அதற்காக யார் மேலும் பழி போட மாட்டேன். இன்னொன்று, மாமாவிடமிருந்து வந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் இதில் போட்டேன், மீதி போஸ்டாபீஸில் பத்திரமாக இருக்கிறது. இது உனக்குத் தெரியாது. ஏனென்றால் நீ கேட்கவில்லை. எவ்வளவு போட்டாய், ஏன் போட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல், உனக்கு என்னம்மா தெரியும், பேசாம வித்து என் பேருலயும் சேத்து பேங்க்ல போடு என்றாய்.

அந்தச் சொல் எனக்குப் புதிதில்லை அன்பு. என் அப்பா போய்ச்சேர்ந்த மறுமாதம் சித்தையன்கோட்டை வீட்டில் உன் மாமா ஒரு பத்திரத்தையும் ஒரு பட்டுச் சேலையையும் ஒரே தட்டில் வைத்து நீட்டினார். நிலத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிய விடுதலைப் பத்திரம். படித்துப் பார்க்கிறேன் அண்ணே என்றேன். உனக்கு என்ன தெரியும், கையெழுத்தைப் போட்டுச் சேலையை எடுத்துக்க என்றார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பிவந்தேன். உனக்கு அப்போது பள்ளிக்கூட வயது, மாமா ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் எத்தனை பொங்கல் போனது என்று எனக்குத்தான் தெரியும். போன வருஷம் பிளாட் போடுகிறவர்களுக்கு நிலத்தை விற்க என் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றானபிறகுதான் என் பங்கு என் கைக்கு வந்தது. என் பேரில் வந்த முதல் பணம் அது. அதை வைத்து நான் நாலு இடம் அலைந்து பார்த்து ஒரு காரியம் செய்தால், மாமா சொன்ன அதே சொல்லை என் பிள்ளை வாயிலிருந்து கேட்கிறேன். போனை வைத்துவிட்டு அழுதேன். அப்பா வெங்காயமா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன், இதற்காகத்தான் காகிதத்தையே எடுத்தேன். தீபாவளியன்று வீடியோவில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது நீ தீபாவிடம், ஏ தீபா, நம்ம வீட்டுக்கு ஒரு நாள் நீ கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், நல்ல பட்டுச் சேலையா எடுத்துத் தாரேன் என்று விளையாட்டாகச் சொன்னாய். நீ விளையாட்டாகத்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். தீபாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை அன்பு, நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

ஆகையால் நானும் அப்பாவும் பேசி முடிவு செய்துவிட்டோம். இந்த ஷேர் முழுவதும் தீபாவுக்கு, ஏறினாலும் இறங்கினாலும் அவளுக்கு. போஸ்டாபீஸ் பணம் எங்கள் காலம்வரை எங்களுக்கு, அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும். வீடு உனக்குப் பாதி அவளுக்குப் பாதி. எங்களுக்குப் பிறகு அவள் முன்னால் யாரும் தட்டை நீட்டக் கூடாது. நீ நீட்ட மாட்டாய், உன்னை வளர்த்தவள் நான், எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். கோபம் வந்தால் ஒரு நாள் கோபித்துக்கொள், இரண்டாம் நாள் போன் பண்ணு.

ராசா, நீயும் மருமகளும் பாப்பாவும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு, நிறைவாக வாழ வேண்டும். அப்பா தன் ஆசீர்வாதத்தோடு, நீ அங்கே வீடு வாங்கினால் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டார்களா என்று பார்க்கச் சொல்கிறார். பொடி டப்பாவில் ஈரக் கரண்டி போடாதே. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளி, அந்த ஊர்க் குளிருக்கு வெந்நீரில். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தீபாவைக் கூப்பிட்டுப் பேசு. சேலை என்ன நிறம் வேண்டும் என்று கேட்காதே, எப்படி இருக்கிறாய் என்று கேள். அவள் பதில் சொல்லும்போது குறுக்கே பேசாதே.

இப்படிக்கு,
உன் அம்மா மகேஸ்வரி,
அம்புட்டு வீட்லயும் கொஞ்சம் சொந்தக்காரி.