சிட்டு-ஒன்று

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எங்கள் இருவருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீயும் மருமகளும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் என்றால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் தங்கைக்கு என்ன நோய் என்றே தெரியாமல் டாக்டர்கள் கையை விரித்தபோது, அப்பா அவள் கையிலிருந்து துளித் தோல் எடுத்துத் தன் ஆய்வுக்கூடத்தில் வளர்த்தது உனக்கு நினைவிருக்கும். எந்த மரபணுவில் கோளாறு என்று அதில்தான் கண்டுபிடித்தார். அவள் போய்விட்டாள், அந்தச் செல்கள் பெருகிக்கொண்டே இருந்தன. அவள் பேரிலேயே சிட்டு-ஒன்று என்று பெயர் வைத்து, கேட்ட ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் அனுப்பினார், எங்கெங்கோ இருப்பவர்கள் அதை வைத்துக் கட்டுரை எழுதினார்கள், அப்பாவுக்குப் பேர் வந்தது. யாராவது சித்து என்று சொன்னால் மேடையிலேயே திருத்துவார் அந்த மனுஷன். அவள் பிறந்தநாள் தவறாமல் என்னைக் கூட்டிப்போய் நுண்ணோக்கியில் காட்டுவார். நானும் குனிந்து பார்த்து, நல்லா இருக்கியாடி என்று கேட்டுவிட்டு வருவேன்.

போன மாதம் ஒருநாள் பஞ்சுக் குச்சியோடு வந்து ஆ காட்டு என்றார். பல்வலிக்கு மருந்து போடப்போகிறார் என்று திறந்தேன். கன்னத்துக்குள் தேய்த்து எடுத்துக்கொண்டார், தன் வாயிலும் அப்படியே. பழைய செல்கள் யாருடையவை என்று பெற்றவர்களோடு ஒப்பிட்டுச் சொல்லும்படி இப்போது கட்டுரை போடும் ஆய்வுப் பத்திரிகைகள் கேட்கின்றனவாம். முடிவு வந்தது. அது நமக்குப் பிறந்த பிள்ளையின் செல்லே இல்லையாம். என்றைக்கோ பக்கத்துத் தட்டில் வளர்ந்த வேறு யாருடைய செல்லோ ஒரு துளி விழுந்து, வேகமாகப் பெருகும் அந்தச் செல் நம்முடையதை இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிட்டது. உறையவைத்த குப்பிகளையும் ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டார். எதிலும் அவள் இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களையில் வந்து உட்கார்ந்து, ரெண்டாந்தடவையும் தூக்கிக் குடுத்துட்டோம்டி என்று வாய்விட்டு அழுதார். இத்தனை வருஷம் யாரையோ பார்த்து நான் நலம் விசாரித்திருக்கிறேன் பார்.

வெளியே சொல்லாம விட்டுடுங்கப்பா, ஓய்வு பெறுற நேரத்துல யாரு வந்து கேக்கப்போறா என்று நீ சொன்னாயாம். உன்மேல் கோபம் இல்லை என்றால் பொய். அப்பா பேர் கெடக்கூடாது என்ற பாசம் எனக்கும் இல்லாமலா போகும்? இதே நோயோடு எங்கோ ஒரு குழந்தை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறது, அதற்கான மருந்தை அந்த நோயே இல்லாத யாரோ ஒருவரின் செல்லில் போட்டுப் பார்க்கிறார்கள். அதைப் பெற்றவள் என்ன பாவம் பண்ணினாள்? அப்பாவும் அதைத்தான் சொன்னார். எல்லா ஆய்வுக்கூடங்களுக்கும் அனுப்ப அறிவிப்பு முழுக்க எழுதிவிட்டார், முதல் வரியை மட்டும் எழுதக் கை வரவில்லை. நீ அடி என்று கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்துகொண்டார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக நான்தான் அடித்தேன், சிட்டு-ஒன்று எங்கள் மகளின் செல்கள் அல்ல என்று. அனுப்பியாயிற்று. மறுநாள் அந்தச் செல்களை அழிக்கத் தட்டுகளில் பிளீச் ஊற்றும்போது கூட நின்றேன். யார் பெற்ற பிள்ளையோ, நம் பெண் பேரில் வளர்ந்தது என்று அதற்கும் சேர்த்து அழுதேன்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. மறக்காமல் அப்பாவுக்குப் போன் போடு, ஆராய்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். உன் சைக்கிள் சாவியை அவள் அரிசி டப்பாவில் ஒளித்துவைத்தாளே, அதைக் கேள். அவர் சொல்லட்டும். இனி அவளை அப்படித்தான் பார்க்க முடியும்.

இப்படிக்கு,
உனக்கும் சிட்டுவுக்கும் அம்மா