நாலு உருண்டையும் ஒரு நூலும்

9.2.1998, திங்கள்

காலையிலேயே வெயில். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி ராஜபாளையத்தில் கல்லூரி வாசலில் இறங்கும்வரை நின்றபடி.

வரும் வெள்ளிக்கிழமை தேர்வுக் குழு முன் நான் ஒரு மாதிரி வகுப்பு எடுக்கவேண்டும். விலங்கியல் துறையில் எனக்கு நிரந்தர வேலையா இல்லையா என்பது அதை வைத்துத்தான். ஆறு வருஷமாகத் தற்காலிகம்.

பாடம்: டி.என்.ஏ. நகலாவதும் பழுதுபார்க்கப்படுவதும். துறைத் தலைவர் (இனி து.த.) என் குறிப்பில் ஆர்.பி.ஏ. என்ற புரதம் பற்றிய பக்கத்தையே சிவப்பு மையால் அடித்துவிட்டார். "தொளதொளன்னு ஆடுற புரதம் என்னம்மா வேலை செய்யும்? கெட்டியா ஒரு உருவம் வேணாமா?" நான் மதுரைக்குப் போய் நகல் எடுத்து வந்த கட்டுரைகளைப் புரட்டக்கூட இல்லை. என்ன திமிர்!

பேசிப் பயனில்லை. செய்து காட்டுகிறேன்.

வாங்க: தெர்மாகோல் உருண்டை 4, குண்டூசி, பேண்டேஜ் நாடா, மில் நூல். அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம்.

11.2, புதன்

மாடல் முடிந்தது. நாடா = பிரிந்து ஒற்றையாக நிற்கும் டி.என்.ஏ. இழை. நாலு உருண்டை, இடையில் தளர்வாக நூல் = ஆர்.பி.ஏ. ஓர் உருண்டை நாடாவைப் பிடித்தால் போதும், மற்றவை நூலில் ஆடி வந்து பக்கத்தில் உட்காரும். இழைக்குக் காவல். நகலெடுக்கவோ பழுதுபார்க்கவோ வேறு புரதம் வந்தால் ஒன்று எழுந்து இடம் கொடுக்கும். மீதி பிடியை விடாது. எல்லாம் அந்த நூல் தளர்வாக இருப்பதால்தான்.

அம்மா: "ஏட்டி, ஒரு சாண் நூலுக்கா அவியளோட மல்லுக்கு நிக்கே?"

ஆமாம். அதற்குத்தான்.

தோசை கருகிவிட்டது.

13.2, வெள்ளி

வகுப்புக்குப் பத்து நிமிஷம் முன்னால் பெட்டியைத் திறந்தால் நாலு உருண்டையும் தனித்தனியாக. விரலளவு நூல் முனை மட்டும் மிச்சம்.

லேப் அட்டெண்டர் கருப்பையா அண்ணன், முன்பு நூல் மில்லில் இருந்தவர். "எல்லாத்தையும் சுத்தமா எடுத்து வைக்கணும்னு தலைவர் சார் சொன்னாவ மேடம். பிசிறு தொங்குச்சுன்னு நறுக்கிட்டேன். மில்லுல இப்பிடி விட்டா சூப்பர்வைசர் உரிச்சுப்புடுவான்."

கத்த நேரமில்லை. உள்ளே தேர்வுக் குழு, து.த.வோடு மூன்று பேர். முதல் உருண்டையை நாடாவில் குத்தினேன். மற்ற மூன்றும் மேசையிலிருந்து உருண்டு, ஒன்று து.த.வின் காலடியில். "நூல் இல்லாத ஆர்.பி.ஏ. இப்படித்தான்" என்றேன்.

கருப்பையா அண்ணன் குப்பைக்கூடையிலிருந்து நூல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். யாரையும் கேட்கவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு முறுக்கு, முடிச்சே இல்லாமல் ஒட்டு. மறுபடி குத்தினேன். நாலும் உட்கார்ந்தன. குழுவிலிருந்த வெளியூர்ப் பேராசிரியர் எழுந்து வந்து தானே ஓர் உருண்டையைத் தூக்கிப் பார்த்தார். மற்றவை பிடி விடவில்லை.

18.2, புதன்

வேலை து.த.வின் மச்சினர் மகனுக்கு.

"உங்க வகுப்புல உருண்டை கீழ விழுந்துட்டுதேம்மா" என்கிறார். வாய் கூசவில்லையே மனுஷனுக்கு!

சாப்பிடவில்லை. அம்மாவும்.

20.2, வெள்ளி

வானம் மூடாக்கு. மழை இல்லை.

மத்தியானம் கருப்பையா அண்ணன் என் மேசைக்கு வந்து நின்றார், முகத்தைப் பார்க்காமல். "புதுசா வந்தவரு திங்கக்கிழமை அந்தப் பாடம் எடுக்காராம். தலைவர் சார் மாடலைக் கேட்டாவ. நூலோட வேணுமாம் மேடம்."

நூலை உருவி என் பையில் போட்டுக்கொண்டேன். நாலு உருண்டையையும் அவர் கையில் கொடுத்தேன்.

"சுத்தமா இருக்குன்னு சொல்லுங்கண்ணே."