தம்பியின் கறுப்பு அங்கி

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நீ எங்கே ஒளிந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். சலவைக்காரம்மா வெளுத்த துணி மடிப்புக்குள் இதை வைத்துக் கொண்டுவந்து தருவாள்.

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. அம்மா படுத்து மூன்று வாரமாகிறது. கண் இரண்டும் போய்விட்டது. டாக்டர், இந்த மாதம் தாண்டாது என்கிறார். தூக்கி உட்காரவைப்பதும் தலைவாரி விடுவதும் நான், கஞ்சி ஊட்டுவது உன் அண்ணி. ஆனால் வாயைத் திறந்தால் ஒரே கேள்வி: "சின்னவன் வந்தானா?" "நான் இருக்கேம்மா" என்றால், "நீ இருப்பேடா, எனக்குத் தெரியாதா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். வீட்டில் அலமாரியும்தான் இருக்கிறது.

ஊரும் அப்படித்தான். அரசாங்கம் பூசையைத் தடை செய்ததும் மற்ற சாமியார்கள் எல்லோரும், இனிப் பூசை வைக்க மாட்டோம் என்று அரசாங்கப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ரேஷன் அட்டையும் குமாஸ்தா வேலையும் வாங்கிக்கொண்டார்கள். நீ ஒருவன்தான் போடவில்லை. அதனால் வெள்ளிக்கிழமைதோறும் நான் காவல் நிலையத்துக்குப் போய், உன்னைப் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக ஜன்னல் கண்ணாடி வெட்டுகிறேன், இந்தக் கையை யாரும் தொட்டதில்லை. போன வாரம் எங்கள் கிடங்குக்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அவரோட கூடப்பிறந்த கையில்ல" என்றார். கையிலிருக்கும் ஐந்து தழும்பும் என்னுடையவை, மரியாதை மட்டும் உன்னுடையது.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மா கடைசியாக ஒரு சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமாம். கையெழுத்துப் போட்டவர்களிடம் மாட்டாளாம். "மனசுல ஒண்ணு கிடந்து அறுக்குது, சின்னவன்கிட்டத்தான் சொல்லணும்" என்கிறாள். அதைச் சொல்லாமல் கண்மூடினால் நரகம்தான் என்று நம்புகிறாள். எப்படியாவது ஒரு அரைமணி நேரம் வந்துவிட்டுப் போ.

உன் அண்ணன்

&nbsp;

ஜனவரி 15

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பியின் வணக்கம். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்.

ஒரு மெத்தைக் கடையின் பரணில் இருக்கிறேன். எங்கும் பஞ்சு. கீழே வாடிக்கையாளர் வந்தால் தும்மக் கூடாது, மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தேடப்படுகிற மகான் இப்படித்தான் காலம் கழிக்கிறான்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? மெத்தைக்காரர் மனைவி கஞ்சிப் பானையின் அடியில் உள்ள கெட்டியையெல்லாம் எனக்குத்தான் ஊற்றுகிறாள். அவளுடைய பிள்ளைகள் இரண்டும் ஏணியில் நின்று பார்க்கும். "எனக்குப் போதும், குழந்தைகளுக்குக் கொடுங்கள்" என்று சொல்ல எனக்குத் தெரியும். தட்டைக் காலி செய்த பிறகுதான் சொல்கிறேன். யாராவது என் முன்னால் முழங்காலிட்டால் வெட்கமாக இருக்கிறது. முழங்காலிடாவிட்டால் வருத்தமாக இருக்கிறது.

இருபத்திரண்டாம் தேதி வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு வருகிறேன். ஆலை ஷிப்ட் விடும் நேரம், தெருவில் கூட்டம் இருக்கும். மெத்தைக்காரரின் மேலாடையைப் போட்டுக்கொண்டு வருவேன். பின்கதவைத் தாழ் போடாதீர்கள். அம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி

&nbsp;

ஜனவரி 27

தம்பிக்கு,

வருவேன் என்றாய். அம்மாவிடம் சொன்னேன். இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. எனக்காக அந்த முகம் ஒருநாளும் அப்படி ஆனதில்லை. வியாழக்கிழமை தலைவாரி, வெள்ளை ரவிக்கை போட்டு, தலையணையில் சாய்த்து உட்காரவைத்தேன். அண்ணி பிள்ளைகளை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். ஆறு ஆயிற்று. ஆறரை. ஏழு. "மணி என்னடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அஞ்சே முக்கால், அஞ்சே முக்கால் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழரைக்கு அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

பெட்டியில் உன் பழைய கறுப்பு அங்கி இருந்தது. போட்டுக்கொண்டேன், தோளில் பிடித்தது. வெளியே போய்ப் பின்கதவு வழியாக உள்ளே வந்து, "அம்மா, நான் வந்துட்டேன்" என்றேன். நம் இருவருக்கும் ஒரே குரல் என்பது ஊரறிந்தது. கடைத் தொலைபேசியில் என் குரலைக் கேட்டு "ஸ்தோத்திரம் சாமி" என்றவர்கள் எத்தனை பேர். அவள் அங்கியின் கழுத்துப்பட்டியைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், அப்படி ஒரு பிடி. என் நாற்பத்தேழு வயதில் அவள் என்னை அப்படிப் பிடித்ததில்லை. அப்போதும் அவள் பிடித்தது உன் கையைத்தான்.

எல்லாம் சொன்னாள். மன்னித்தேன் என்று சொல்லி, நீ செய்கிற மாதிரியே நெற்றியில் சிலுவை போட்டேன். குழந்தை மாதிரித் தூங்கினாள். சனிக்கிழமை விடியும்போது போய்விட்டாள்.

என்ன சொன்னாள் என்பதை எழுதமாட்டேன். முதலில் நீ ஏன் வரவில்லை என்று சொல்.

அண்ணன்

&nbsp;

பிப்ரவரி 1

அன்புள்ள அண்ணனுக்கு,

அழுதுகொண்டே எழுதுகிறேன். அம்மாவை எங்கே அடக்கம் செய்தீர்கள், யார் ஜெபம் சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

சவரக்கடை முக்குவரை வந்தேன் அண்ணா. அங்கே போலீஸ் நின்றது. பயந்து திரும்பிவிட்டேன். உங்கள் தம்பி கோழை, வேறென்ன சொல்ல.

நீங்கள் செய்தது முறைப்படி செல்லாது, ஆனால் அதற்காக உங்களைக் கடிந்துகொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. அம்மா சொன்னதை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள், என்னிடமும்கூட. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது கேட்டவரோடு போக வேண்டும்.

உங்கள் தம்பி

&nbsp;

பிப்ரவரி 10

தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டப் போனேன். சவரக்கடைக்காரர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "உங்கம்மா சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, மெத்தைக் கடை ஆள் மாதிரி ஒருத்தர், ஒரு மணி நேரம் இங்கேயே நின்னு உங்க வீட்டையே பாத்துட்டிருந்தார். கூப்பிட்டேன், திரும்பலை." போலீஸ் நின்றதா என்று கேட்டேன். "அன்னிக்கா? ஒரு தொப்பிகூடக் கண்ணுல படலையே" என்றார்.

அம்மா போனதற்குப் பிறகும் பொய் சொல்கிறாய். இனி உன் முறையும் வேண்டாம், விதியும் வேண்டாம். கேட்டுக்கொள். அவள் சொன்னது இதுதான்:

"பெரியவனுக்கு ஆறு வயசு. தொண்டை அடைச்சு, மூச்சு முட்டி, உடம்பு நீலமாயிடுச்சு. நீ தொட்டில்ல கிடந்தே. இவனை எங்கிட்ட விட்டுடு, சின்னவனை உன் ஊழியத்துக்கு எடுத்துக்கோன்னு ஆண்டவர்கிட்ட நேர்ந்துகிட்டேன். பேசத் தெரியாத பிள்ளையைக் கொடுத்து இன்னொண்ணை வாங்கினேன். இப்ப உன்னை நாயை விரட்டுற மாதிரி விரட்டுறாங்களே. மன்னிப்பியாப்பா?"

உனக்குப் புது செருப்பு வந்தபோது, உன்னைச் சாமியாருக்குப் படிக்கக் குருமடத்துக்கு அனுப்பியபோது, உனக்குப் பாலும் எனக்குத் தண்ணீரும் ஊற்றியபோது, என் வயிறு எரிந்த எரிச்சல் ஆண்டவருக்கே வெளிச்சம். நாற்பது வருஷம் எரிந்தேன். கடைசியில் பார்த்தால், அவள் கேட்டு வாங்கிய பிள்ளை நான். உன் அங்கிக்குள் நின்றுகொண்டு, அம்மா சாகக் கிடக்கும்போது, நான் சந்தோஷப்பட்டேன் தம்பி. அதை யாரிடம் போய்ச் சொல்ல?

அந்த ஒரு மணி நேரம் எதற்கு நின்றாய்?

அண்ணன்

&nbsp;

பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்குத் தெரியும். நான் குருப்பட்டம் பெறுவதற்கு முந்தின நாளே அம்மா சொல்லிவிட்டார்கள், ஒருவிதப் பெருமையோடு. "உங்கண்ணன் உசிருக்கு நீதான்டா ஈடு." எல்லோரும் என் கையை முத்தமிட்ட அந்த நாளில் நான் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அண்ணியிடம் திட்டு வாங்கியபடி பந்தலில் நாற்காலி தூக்கிக்கொண்டிருந்தீர்கள். அன்றிலிருந்து எனக்கு உங்கள்மேல் பொறாமை. உங்கள் வீட்டு அழுக்குத் துணிமேல்கூடப் பொறாமை.

அந்த வியாழக்கிழமை எனக்கு எந்தப் பயமும் இல்லை. முக்கிலிருந்து உங்கள் ஜன்னல் நன்றாகத் தெரிந்தது. அம்மாவின் தலையை நெஞ்சில் சாய்த்துவைத்து நீங்கள் வாரிக்கொண்டிருந்தீர்கள். யாரைத் தன்னோடு வைத்துக்கொண்டாளோ அவனே பார்க்கட்டும், என்னைக் கொடுத்தவளுக்கு நான் எதற்கு என்று தோன்றியது. அம்மா எனக்காகத் தவித்துக்கொண்டிருப்பது தெரிந்தே நின்றேன். அது எனக்கு இனித்தது. பிறகு திரும்பி நடந்தேன்.

இப்போது தெரிகிறது, அவர்கள் மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டார்கள் என்று. பதினைந்து வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தேன். எனக்கு வரவேண்டிய அதையும் நீங்களே வாங்கிக்கொண்டீர்கள்.

நான் கையெழுத்துப் போடாததை ஊர் வீரம் என்கிறது. போட்டால் எங்கே போவேன்? எனக்கென்று ஒரு வீடு இருக்கிறது என்று நான் நினைத்ததே இல்லை. அவ்வளவுதான் என் வீரம்.

சுற்றுவட்டாரத்தில் எனக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்க ஒரு சாமியார் இல்லை. என் அங்கி உங்களிடம் இருக்கிறது. செல்லாது என்று எழுதியவனும் நான்தான். இருந்தாலும் கேட்கிறேன், ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் தம்பி

&nbsp;

மார்ச் 8
(சிறைக் கண்காணிப்பாளர் மூலமாக)

அன்புள்ள தம்பிக்கு,

அதிகாரி படித்துவிட்டுத்தான் இதை உனக்குத் தருவார். அதனால் யாரைப் பற்றியும் இதில் எழுதவில்லை, நம்மைப் பற்றி மட்டும்தான்.

நீ கேட்ட ஒரு வரியைப் பதினோரு நாள் எழுதாமல் இருந்தேன். வேலை இருந்தது என்று சொல்லலாம், பொய். நான் காத்திருந்த மாதிரி நீயும் கொஞ்சம் காத்திரு என்றுதான். பன்னிரண்டாம் நாள் எழுதி அனுப்பினால், கடிதம் திரும்பி வந்தது. சாகக் கிடந்த ஒரு கிழவியைப் பார்க்கப் பட்டப்பகலில் போனாயாம், வாசலிலேயே பிடித்துவிட்டார்களாம். யாரோ ஒருத்தருடைய அம்மாவுக்குப் போயிருக்கிறாய். அதைக் கேட்டபோதும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகுதான் அழுகை வந்தது.

அந்த வரியை இப்போது எழுதுகிறேன். மன்னித்துவிட்டேன் தம்பி. அங்கி போட்டுக்கொண்டு சொல்லவில்லை, பனியனோடு அடுக்களையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் என்னை மன்னித்துவிடு.

கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். கையெழுத்துப் போட்டால் ஒரு வாரத்தில் விட்டுவிடுவார்களாம். போடாவிட்டால் எத்தனை வருஷம் என்று அவருக்கே தெரியவில்லை. போட்டுவிடு. ஊர் அப்புறம் என் கையைத் தொடாது, அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. உன்னைக் கொடுத்தபோது அம்மா என் சம்மதத்தைக் கேட்கவில்லை. எனக்காகப் போன பிள்ளையை நானே திரும்பக் கேட்கிறேன். அவள் அறையைச் சுத்தம் செய்து, உடைந்திருந்த ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன். அண்ணி உனக்கும் சேர்த்துத் திட்டத் தயாராக இருக்கிறாள். இது உன் வீடு, வந்துவிடு.

உன் அண்ணன்

&nbsp;

மார்ச் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

அரைப் பக்கம்தான் எழுத அனுமதி. உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன். படித்துக் காட்டச் சொல்லி அறையில் மற்றவர்களும் கேட்டார்கள். காட்டவில்லை, அந்தக் கஞ்சத்தனம் இன்னும் போகவில்லை.

நேற்றுப் பத்திரத்தை மறுபடி கொண்டுவந்து வைத்தார்கள், பேனாவும் தந்தார்கள். எனக்கு அந்த ஜன்னல் தெரிந்தது, அண்ணி குரல் கேட்டது. வாழ்க்கையில் இவ்வளவு ஆசையாக எதையும் நான் பார்த்ததில்லை. வெகுநேரம் பேனாவைக் கையில் வைத்திருந்தேன்.

போடவில்லை அண்ணா. கோபித்துக்கொள்ளாதீர்கள். முன்பெல்லாம் போக இடமில்லாததால் போடவில்லை. இப்போது எனக்கு ஒரு வீடு இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு போடவில்லை. அன்றைக்கு அம்மா என்னைக் கொடுத்தார்கள். நேற்று நானாகக் கொடுத்தேன்.

அம்மாவின் அறையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் தம்பி