ஒரு வாளித் தண்ணீரும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

அன்பும் அதட்டலும் நிறைந்த அம்மாவுக்கு, உன் கடைக்குட்டி வணக்கத்தோடு எழுதுவது. உன் இருமல் நின்றதா? நான் கல்லுக்குண்டு போல இருக்கிறேன், கவலைப்படாதே.

இந்த விடுதியிலிருந்து ஊருக்கு வர அனுமதி வேண்டுமென்றால், வார்டன் பலகையில் எழுதும் ஆங்கிலச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். இந்தச் சனிக்கிழமைச் சொல் ‘பெட்ராகில்டு’. நனைந்து கசங்கி அலங்கோலமாக நிற்பது என்று அர்த்தமாம். போன இரண்டு முறையும் சொதப்பியதால், இந்த முறை ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவர் மேசை முன்னால் போய் நின்றேன்.

“ஐ ஆம் பெட்ராகில்டு, சார்!”

சிரித்தேவிட்டார். “வாக்கியம் சரிடா. ஆனா இந்தக் கோலத்துல உன்னை எப்படி வெளியே விடுறது? தரையைத் துடைச்சிட்டு ரூமுக்குப் போ.”

துடைத்தேன். பரீட்சைக்கு முன் ஊருக்கு விடும் கடைசிச் சனிக்கிழமை அதுதான். இனி பரீட்சை முடியும்வரை, மூன்று மாதம் கேட் திறக்காது. நல்லதுதான், விழுந்து விழுந்து படிப்பேன். நம்பாதே.

ஒரு துண்டு அனுப்பம்மா. புதிது வேண்டாம், நீ தலை துவட்டும் பழையது போதும். துவைத்துவிடாதே, அப்படியே அனுப்பு. மணி அடிக்கிறார்கள், ஓடுகிறேன்.

இன்னும் ஈரம் காயாத,
உன் மகன்