பாறையைப் பார்த்துத் திரும்பிய ஆன்டெனா

அன்பு மகள் பெகாயிமுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் பசுவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கத்தான் எட்டு நாளாகப் பாலத்து மேட்டில் போய் நின்று போன் போடுகிறேன், நீ எடுக்கிற பாடாக இல்லை. அந்த மேட்டை விட்டால் நம் ஊரில் வேறெங்கும் போன் கிடைக்காது என்பது உனக்கே தெரியும். நாரின் நகரச் சந்தையில் துணிக்கடை வைத்திருக்கும் ரகாத் சரக்கெடுக்க இஸ்தான்புல் வருகிறாள். இதை உன் கையில்தான் கொடுக்க வேண்டும், நீ படித்து முடிக்கிற வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதனால் படி. கோபமென்றால் கோபத்தோடேயே படி. அன்றைக்கு நான் போன் போட்டபோது பின்னால் ஊரே பாட்டுப் பாடிச் சிரித்தது உன் காதில் விழுந்தது, "நீயுமாம்மா என்னப் பாத்து சிரிக்கிற?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். நாங்கள் உன் தோல்வியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதும் இல்லை, முதலிலேயே சொல்லிவிட்டேன். நடந்தது என்ன என்று மட்டும் எழுதுகிறேன்.

நீ போன பிறகு பழைய டிவி நின்று டிஜிட்டல் வந்துவிட்டது. நம் மேய்ச்சல் மேட்டில் ஏறினால் அந்தக் கோபுரத்தின் சிவப்பு விளக்கு கண்ணுக்கே தெரிகிறது, ஏழு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் ஊருக்குள் ஒன்றும் வரவில்லை, நடுவே முகடு மறைக்கிறது. மாவட்டத்திலிருந்து ஒருவர் கையில் மீட்டரோடு வந்தார், நாலு வீட்டுக் கூரை ஏறினார், பேப்பரில் இந்த ஊரில் சிக்னல் கிடையாது என்று எழுதினார், டிஷ் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு என் வீட்டு வெண்ணெயும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுப் போனார். எல்லோரும் சரி சரி என்று தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரன் பதினோரு சேனல் பார்க்கிறான், விளையாட்டுச் சேனலும் அதில் இருக்கிறது, இலையுதிர் காலத்தில் இஸ்தான்புல்லில் நடக்கிற உன் போட்டியைக் காட்டப் போகிறார்கள் என்று பயிற்சியாளர் சபீர் முன்பே சொல்லியிருந்தார். என் மகள் மல்யுத்தம் செய்வதை நான் பார்க்கக் கூடாது என்று ஒரு பேப்பர் சொல்லுமா? அதைவிட, நம் தெருச் சலமாத் பார்க்க வேண்டும். "பொண்ணு கால அகட்டி நின்னு மல்லு கட்டினா எவன் கட்டிப்பான்?" என்று ஆறு வருஷமாகக் குழாயடியில் நின்று பேசிய அந்தச் சலமாத்தை என் வீட்டு முன்வரிசையில் உட்கார வைத்துக் காட்ட வேண்டும் என்று இருந்தது. ஆமாம், வீம்புதான். இல்லை என்று சொல்லவில்லை.

ஒருநாள் பசுவைக் காணோம் என்று பள்ளத்தில் இறங்கிக் கூப்பிட்டேன். என் குரல் எதிர்ப்பக்க வெள்ளைப் பாறையில் பட்டு அப்படியே திரும்பி வந்தது. அட, என் குரலே இப்படித் திரும்பி வருகிறதென்றால், கோபுரத்திலிருந்து வருகிறது மட்டும் ஏன் பாறையில் பட்டுத் திரும்பாது? வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவைக் கூரைமேல் ஏற்றினேன். ஊரில் இருபத்து மூன்று கூரையிலும் ஆன்டெனா கோபுரத்துப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது, பழைய காலத்தில் அப்படித்தான் வைத்தோம், ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் அப்படியே விட்டுவிட்டோம். நான் கோபுரத்துக்கு முதுகைக் காட்டிப் பாறையைப் பார்க்கத் திருப்பச் சொன்னேன். அப்பா, "ஏண்டி, தண்ணி குடிக்க ஆத்துக்கு முதுகக் காட்டி உக்காருவாங்களா?" என்றார். நீங்க திருப்புங்க என்றேன். தெருவில் போனவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சலமாத், "சோனுனுக்கு மூளை கலங்கிடுச்சு, மலைகிட்ட சினிமா காட்டச் சொல்றா" என்றாள். நான் ஜன்னலில் நின்று கத்தினேன், இன்னும் கொஞ்சம் இடது, இடதுன்னா உங்க இடது இல்ல, ஆங், போதும், போதும்! பெட்டியில் முதலில் சதுரம் சதுரமாக என்னவோ ஓடியது, பிறகு ஒரு பெண் வானிலை வாசித்தாள், அவள் காதுத் தோடுகூடத் தெளிவாகத் தெரிந்தது. பதினோரு சேனலும் வந்தது. அன்று மாலைக்குள் தெருவில் பாதி ஆன்டெனா திரும்பிவிட்டது, ஆனால் பாறைக்கு நேரெதிரே இருப்பது நம் வீடு ஒன்றுதான், மற்றவர்களுக்குப் படம் வந்து வந்து நின்றது.

உன் ஆட்டத்தன்று மதியம் அதனால்தான் ஊரே நம் வீட்டில். நான் மாவு பிசைந்து போர்சோக் பொரித்து மலையாகக் குவித்து வைத்திருந்தேன். சலமாத்தைப் பிடித்து முன்னால் உட்கார வைத்தேன். அன்றைக்குப் பார்த்துக் காற்று, கம்பம் கடகடவென்று ஆடியது. பழைய டிவியென்றால் புள்ளி புள்ளியாகவாவது ஓடும், இது அப்படியில்லை, சிக்னல் கொஞ்சம் தவறினாலும் படம் அப்படியே நின்றுவிடுகிறது. அப்பா தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கூரைமேல் ஏறி, இரண்டு கையாலும் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் ஆட்டத்திலிருந்தே அங்கேதான். உள்ளே நாங்கள் போடும் கூச்சல்தான் அவருக்கு ஆட்டம். நீ சிவப்பில் வந்தாய். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் சலமாத்தான் எல்லோருக்கும் மேலாகக் கத்தினாள், "கால புடிடி, கால! விடாத அவள!" என்று பக்கத்திலிருந்த அசனாலிப் பெரியவரின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். நீ அவளைத் தூக்கிப் போட்டாய், நாலுக்கு இரண்டு, ஒன்பது விநாடி பாக்கி. வீடு அதிர்ந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் அப்பாவால் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு ஏறிவிடலாம் என்று கம்பத்தை விட்டுவிட்டு ஏணியில் இறங்கினார். படம் நின்றது. நீ மேலே, நீலச் சட்டைக்காரி கீழே, நாலுக்கு இரண்டு, அப்படியே நின்றது. அப்பா வாசலுக்கு வந்து சேர்வதற்குள் திரை நீலமாகி, சிக்னல் இல்லை என்று எழுத்து வந்துவிட்டது. பாவம் அந்த மனுஷன், மூன்று ஆட்டத்தில் ஒரு நொடிகூட உன்னைப் பார்க்கவில்லை.

ஒன்பது விநாடியில் என்ன நடந்துவிடும்? எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம், ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அசனாலிப் பெரியவர் இரண்டு கையையும் ஏந்தி, ஜெயித்து வந்த பிள்ளைக்கு என்று வாழ்த்துச் சொன்னார், எல்லோரும் ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டோம், அப்பா ஆட்டை அறுத்தார். அடுப்பில் அண்டா ஏறியது. அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு உன்னோடு பேசப் பாலத்து மேட்டுக்குப் போனோம், சலமாத் ஆடிக்கொண்டே வந்தாள். அப்போதுதான் போனில் நீ அப்படிக் கேட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, திரும்பத் திரும்பப் போட்டேன், கடைசியில் சபீருக்குப் போட்டேன். "அக்கா, கடைசி ஒன்பது செகண்டுல கால வாரிட்டா அக்கா. நாலுக்கு நாலு, சமமா வந்தா கடைசியாப் பிடி போட்டவளுக்குத்தான் ஜெயம், அது அவளோடது. ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார். நான் பின்னால் கையைக் காட்டினேன். அக்கார்டியன் நின்றது.

வீட்டுக்குத் திரும்பி உள்ளே வந்து உட்கார்ந்ததுமே ஒவ்வொருத்தராக எழுந்து வாசலில் விட்ட பூட்ஸைத் தேட ஆரம்பித்தார்கள், சாவு வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி. எனக்கு அதைப் பார்த்ததும்தான் ஆத்திரம் வந்தது. யாரும் பூட்ஸத் தொடாதீங்க என்றேன். என் மக மல்லுக்கட்டுற கம்பளத்துல தோத்திருக்கா, செத்துப்போகல, உக்காருங்க, கறி வெந்துடுச்சு என்றேன். அசனாலிப் பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டு, "அம்மாடி, ஜெயிச்சவளுக்குன்னு வாழ்த்து சொல்லி அறுத்த ஆடாச்சே, இத எப்படித் திங்கறது?" என்றார். அப்படின்னா தோத்தவளுக்குன்னு இன்னொரு தடவ சொல்லுங்க என்றேன். தோற்றவர்களுக்கு வாழ்த்துச் சொல்லி அவருக்குப் பழக்கமே இல்லை, "அதுக்கு வார்த்தையே கிடையாதும்மா" என்றார். எனக்கு இருக்கு என்று சொல்லி, அத்தனை ஆண்பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, நானே கையை ஏந்தினேன். சொன்னதைக் கீழே எழுதுகிறேன். முடித்ததும் முதலில் அப்பாதான் ஆமீன் என்றார். அப்புறம் எல்லோரும் சொன்னார்கள். சலமாத் கடைசியாகச் சொன்னாள், சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்த நீலச் சட்டைக்காரி மொகத்தப் பாத்தப்பவே நெனச்சேன், திருட்டுக் களை" என்றாள். எலும்பு கூட மிஞ்சவில்லை, அப்படிச் சாப்பிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மீட்டர்காரர் மறுபடி வந்தார். பாறையைப் பார்த்து நிற்கும் ஆன்டெனாக்களைப் பார்த்துவிட்டு, "யாருங்க இப்படி வைக்கச் சொன்னது? இது முறையில்லையே" என்றார். முறையை நீங்க வச்சுக்குங்க, படத்த நாங்க வச்சுக்கறோம் என்றேன். வெண்ணெய் இந்தத் தடவை கொடுக்கவில்லை. அப்பா கம்பத்துக்கு நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டிவிட்டார், இனி எந்தக் காற்றுக்கும் அசையாது, ஆனால் எட்டு நாளாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை, ஏதாவது கேட்டால் கூரையைப் பார்க்கிறார். அண்ணி மாசமாயிருக்கிறாள், வாந்தி அதிகம், மற்றபடி நல்லபடி. உருளைக்கிழங்கு இந்த வருஷம் சின்னதுதான். நீ எடையைக் குறைக்கிறேன் என்று தண்ணீர் குடிக்காமல் கிடக்காதே, சபீர் எல்லாம் சொன்னார். விளையாட்டை விட்டுவிடப் போகிறாய், அங்கேயே ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேரப் போகிறாய், குளிர்காலத்துக்கு வரமாட்டாய் என்றும் சொன்னார். விட வேண்டுமென்றால் விடு பெகாயிம், உன் உடம்பு, வலிக்கிற முதுகும் உன்னுடையது. ஆனால் எங்கள் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிடாதே. ஊரைக் கூட்டி வைத்துப் பார்த்தது நான்தான், அடுத்த தடவையும் கூட்டுவேன், நீ தோற்றாலும் கூட்டுவேன், சலமாத்துக்கு முன்வரிசை இப்போதே ஒதுக்கியாகிவிட்டது. என் மகளை ஒளித்து வைத்துப் பார்க்க எனக்குத் தெரியாது.

அன்றைக்கு நான் கையேந்திச் சொன்ன வாழ்த்து இதுதான், உனக்குச் சொன்னது, அதனால் உன்னிடமே சேரட்டும்: "ஆறு நிமிஷமும் ஓடாம நின்னவ என் மக. அவ ஒடம்பு வலி ஆறட்டும். அவ தூக்கம் அவளுக்குத் திரும்பி வரட்டும். வீட்டு வழி அவளுக்கு மறக்காம இருக்கட்டும். ஜெயிச்சு வந்தாலும் தோத்து வந்தாலும் இந்த வாசலுக்கு அவ தலை குனிஞ்சு வர வேணாம்."

ரகாத்திடம் குருத், நம் பசுவின் தயிரைக் காயவைத்து உருட்டியது, ஒரு பையும், கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியும் கொடுத்திருக்கிறேன், சின்னது அவளுடைய பெண்ணுக்கு, பெரியது உனக்கு. தினமும் பால் கறந்து முடித்ததும் பாலத்து மேட்டுக்கு வந்துவிடுவேன். பனி விழுந்தாலும் வருவேன். நீ ஜெயித்திருந்தால் உன்னோடு பேச நாடே வரிசையில் நின்றிருக்கும், எனக்கு லைனே கிடைத்திருக்காது. தோற்றவளோடு பேசத்தான் நான் இங்கே நிற்கிறேன். போனை எடு.

உன் அம்மா,
சோனுன்